அக்காவின் நோட்டில் என் பெயர்: ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

நேரில் நன்றி சொல்ல வந்தால் தொண்டை அடைக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா 3 வருடங்களாக நாகர்கோவிலில் அக்கா வீட்டில் இருக்கிறார்கள். சர்க்கரை, பிரஷர், அப்புறம் போன வருடம் கண் ஆபரேஷன். நான் இங்கே பாளையங்கோட்டையில் சபைக் கமிட்டியில் இருந்தேன், சண்டே ஸ்கூல் நடத்தினேன், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகக் காணிக்கை ஒரு மாதமும் தவறியதில்லை. அம்மாவுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலை, அவ்வளவுதான். "ஊழியத்துக்குக் கொடுக்கிறவன் வீட்டைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பேன். "அக்காவுக்கு வசதி இருக்கிறது" என்பேன். இரண்டும் பொய்யில்லை. அதனால்தான் இத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கினேன். என் மனைவி இரண்டு முறை எடுத்துச் சொன்னாள். உனக்கு விசுவாசம் போதாது என்று வாயை அடைத்துவிட்டேன். முதல் நன்றியும் மன்னிப்பும் அவளுக்குத்தான்.

போதகர் ஐயா வீட்டு ஜெபக்கூட்டத்தில் மாற்கு 7-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசினார். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டுக் கடமை தீர்ந்ததாக நினைத்தவர்களை இயேசு கண்டிக்கிற பகுதி. நான் தலையாட்டிக்கொண்டே மனதுக்குள் வேறொருவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்ட பணக்காரனைப் பற்றி நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதை தன்னைப் பற்றியதுதான் என்று தெரியாமல், யார்மேலோ கோபப்பட்ட தாவீது ராஜாவும் இப்படித்தான் இருந்திருப்பான்.

கூட்டம் முடிந்து காப்பி கொடுக்கும்போது, பெண்கள் ஐக்கியத்துப் பெரியம்மா ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: "தம்பி, அம்மாவுக்கு மாத்திரைக்கு மாசம் எவ்வளவு ஆகுது?" எனக்குத் தெரியவில்லை. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பெரியம்மா, அந்த ஒரு கேள்விக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

அந்த 3 வருடமும் என் ஜெபம் எப்படி இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. அம்மா பெயர் வரும் இடத்தில் வேகமாகத் தாண்டிவிடுவேன். திருவிருந்துக்கு முன் பாவ அறிக்கையில், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்று வாய் சொல்லும். எந்த முகமும் நினைவுக்கு வராது. ஆனால் சண்டே ஸ்கூலில் ஒரு பிள்ளை சின்னப் பொய் சொன்னால் கடுமையாகக் கண்டிப்பேன். அந்தப் பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன்.

சனிக்கிழமைதோறும் நான் நாகர்கோவில் போய்வர, என் பொறுப்புகளை வாங்கிக்கொண்ட கமிட்டி அண்ணன்மாருக்கும் வாலிபத் தம்பிமாருக்கும் நன்றி. காணிக்கையை நிறுத்திவிட்டு அம்மாவுக்குக் கொடுக்கவா என்று கேட்டபோது, "இரண்டையும் கொடுக்க உன்னால் முடியும், முதலில் வீட்டுச் செலவைப் பார்" என்று உடைத்துச் சொன்ன ஐயாவுக்கும் நன்றி.

அக்கா, நீ சண்டை போடவில்லை. அம்மாவின் செலவைக் கேட்டதும் செலவு நோட்டை எடுத்து வந்து கொடுத்தாய், மருந்துக்கடை ரசீதெல்லாம் குண்டூசி குத்தியபடி. முதல் சில பக்கங்களில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தாய். ஒன்றும் எழுதாத கட்டம். அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் அந்தக் கட்டமே இல்லை. போன மாதம் நான் பணத்தோடு வந்தபோது, நீ ஒன்றும் பேசாமல் ஸ்கேலை எடுத்து வந்து புதுப் பக்கத்தில் மறுபடியும் இரண்டு கட்டம் போட்டாய். அதற்கு நன்றி, அக்கா.

கிறிஸ்துவுக்குள்,
உன் தம்பி