வீட்டுக்காரரிடம் யார் அடையாள அட்டை கேட்பது? வீட்டுவசதித் துறைக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பார்க்கப் போனேன். வீட்டைக் காட்டியவர் தானே ஓனர் என்றார். என் ஆதார், மனைவியின் ஆதார், ஆபீஸ் அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு என்று வரிசையாக நகல் கேட்டார். சைவமா என்றும் விசாரித்தார். எல்லாம் கொடுத்தேன், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: "சார், வீட்டு வரி ரசீது பார்க்கலாமா?" மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நம்பிக்கை இல்லைன்னா வேற வீடு பாருங்க."

வீடு லீசுக்கு. எட்டு லட்சம் கொடுத்தால் மூன்று வருடம் வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வந்துவிடும். ஆசை யாரை விட்டது? டோக்கன் அட்வான்ஸ் பத்தாயிரத்தை அங்கேயே அனுப்பிவிட்டேன். படி இறங்கும்போதுதான் மீட்டர் பெட்டிக்குள் செருகியிருந்த ஈ.பி. அட்டை கண்ணில் பட்டது. அதில் ஒரு பெண்ணின் பெயர். போன் போட்டுக் கேட்டால், "அது அம்மா பேரு சார்." இருக்கலாம்தான். நம் ஊரில் தாத்தா போய்ச் சேர்ந்து இருபது வருடம் ஆனாலும் கரண்ட் பில் அவர் பெயரில்தான் வரும். கீழ் வீட்டு அம்மா சொல்லாவிட்டால் நம்பியிருப்பேன்: "அவரா? அவரே இங்க வாடகைக்கு எடுத்தவருதானே. ஓனரம்மா கோயம்புத்தூர்ல இருக்காங்க."

பத்தாயிரம் போனது போனதுதான். எட்டு லட்சம் தப்பித்தது.

இந்த வித்தை உங்களுக்குப் புதிதாக இருக்காது. வெளியூரில் இருக்கும் உரிமையாளரிடம் இடைத்தரகர் வீட்டை மாத வாடகைக்கு எடுக்கிறார். அதையே இன்னொரு குடும்பத்துக்கு லீசுக்கு விட்டு லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார். சில மாதங்கள் உரிமையாளருக்கு ஒழுங்காக வாடகை போகிறது. அப்புறம் ஆள் இல்லை. வாடகை வராத உரிமையாளர் ஒருநாள் கதவைத் தட்டுகிறார். உள்ளே இருப்பவர்களும் ஏமாந்தவர்கள், வெளியே நிற்பவரும் ஏமாந்தவர்.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்று அதில் இருக்கிறது. ஒப்பந்தத்தை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் பணம் கைமாறுவது முதல் நாளில்! சரிபார்க்க வேண்டிய நேரமும் அதுதான்.

அந்த முதல் நாளில் என்னால் என்ன பார்க்க முடியும்? பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம், அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், இலவசமாகவே பார்க்கலாம், உண்மை. ஆனால் அதற்கு சர்வே எண்ணோ பத்திர எண்ணோ வேண்டும். வரி ரசீதுக்கே முகம் சுருக்கியவர் பத்திர எண்ணைத் தருவாரா? தந்தாலும், அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரே சர்வே எண்ணுக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தில் உள்ள பிரிபடாத பாகம் என்று பக்கம் பக்கமாக வரும். அதில் நம் வீடு எது என்று கண்டுபிடிக்க ஒரு பத்திர எழுத்தர் பக்கத்தில் உட்கார வேண்டும். பத்திரப் பதிவு செய்யாத 11 மாத வாடகை ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறவே ஏறாது. மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு வட்டிக்குப் பதில் வீட்டைக் கொடுப்பது ஒத்தி. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் செலவு மிச்சம் என்று லீஸ் பத்திரத்தை வெறும் முத்திரைத்தாளில் முடித்துக்கொள்கிறார்கள். இதில் குடியிருக்க வருபவர்களின் தப்பும் உண்டு, மறைக்கவில்லை.

2012இல் வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்த வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்களைக் காவல்துறை சுட்டுக்கொன்ற என்கவுன்டருக்குப் பிறகு, குடிவருபவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லி சென்னை வீட்டு உரிமையாளர்களுக்குக் காவல்துறை உத்தரவிட்டது. எங்கள் போட்டோவும் பூர்வீகமும் அந்தப் படிவத்தில் ஏறின. வீட்டைக் காட்டுபவர் யார் என்று எங்களுக்குச் சொல்லும் படிவத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் உங்கள் இணையதளத்தில் ஒரு பெட்டி. மின் இணைப்பு எண்ணையோ சொத்து வரி எண்ணையோ போட்டு, உரிமையாளர் என்று சொல்பவரின் பெயரையும் போட்டால், 'பொருந்துகிறது', 'பொருந்தவில்லை' என்று ஒரு வரி வந்தால் போதும். யாருடைய பெயரையும் முகவரியையும் வெளியே காட்ட வேண்டாம். அந்த வீட்டில் ஏற்கெனவே பதிவான வாடகை ஒப்பந்தம் இருந்தால் 'உண்டு' என்று மட்டும் காட்டட்டும். தாத்தா பெயரில் இருக்கும் வீடுகளுக்குப் 'பொருந்தவில்லை' என்றுதான் வரும். வரட்டும். வாரிசுச் சான்றிதழையோ பவர் பத்திரத்தையோ காட்டச் சொல்லி நாங்கள் கேட்க அதுவே ஒரு காரணமாகும். இப்போது வெறுமனே கேட்டால் சந்தேகப் பிராணி என்று பெயர் வாங்குகிறோம்.

போன வாரம் மடிப்பாக்கத்தில் அதே தெரு வழியாகப் போனேன். அந்த வீட்டுப் பால்கனியில் பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. யாரிடம் பணம் கொடுத்தீர்கள் என்று மேலே ஏறிப்போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படிக்கு,
சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவன்