ஒக்கினாவா போற மாப்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ள,

ஒக்கினாவால ஆராய்ச்சி பண்ண உனக்கு சீட் கிடைச்சிருச்சுன்னு உங்கம்மா ஃபோன்ல சொன்னப்ப ரொம்ப சந்தோஷம்டா. ஆனா அப்புறம் நீ ஃபோனை வாங்கி "அங்க பீச், கராத்தே தவிர வேற என்ன மாமா இருக்கு"ன்னு கேட்ட பாரு, அதுக்குத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்ல அனுப்பினா ப்ளூ டிக் மட்டும் விழும், பதில் வராது, அதனால ப்ளாக்லயே போட்டுடறேன், உன்ன மாதிரியே கேக்கற நாலு பேர் படிச்ச மாதிரியும் ஆச்சு.

நீ போற இடம் இன்னிக்கு ஜப்பானோட தீவுங்கள்ல ஒண்ணு, ஆனா 1879 வரைக்கும் ஒரு தனி ராஜ்யம். ரியூக்கியூன்னு பேரு. 1429ல ஷோ ஹாஷின்னு ஒருத்தர் அந்தத் தீவுல இருந்த மூணு குட்டி ராஜ்யத்தை ஒண்ணாக்கினார், அவர் வம்சம் நாப்பது வருஷத்துல போச்சு, அப்புறம் கானமாருன்னு ஒரு அதிகாரி ஷோ என்ங்கற பேர்ல 1470ல அரியணை ஏறினார், அவரோட வம்சம் கடைசி வரைக்கும் ஓடுச்சு. இந்தத் தேதியெல்லாம் நீ எங்க வேணா படிச்சுக்கலாம். நான் சொல்ல வர்றது வேற. அந்த ராஜாக்களோட அரண்மனையா இருந்த ஷுரி கோட்டைக்குப் போறவங்க எல்லாரும் சிவப்புக் கட்டடம் முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு வந்துடறாங்க, அந்தக் கட்டடத்துக்குள்ள உக்காந்து ஃபைல் பாத்த ஆளுங்களைப் பத்தி யாரும் யோசிக்கறதில்ல. எனக்கு அவங்களைத்தான் பிடிச்சிருக்கு, கூடவே அவங்க மேல கோபமும் இருக்கு.

கானமாருவோட பையன் ஷோ ஷின், 1477ல இருந்து 1526 வரைக்கும் ஐம்பது வருஷம் ஆண்டவர், அவர்தான் இதுக்கெல்லாம் அடித்தளம் போட்டவர். அதுவரைக்கும் ஊருக்கு ஊர் கோட்டை கட்டி உக்காந்திருந்த அஜிங்கற சிற்றரசர்களை எல்லாம் குடும்பத்தோட ஷுரிக்கு வரவச்சு, கண்ணு முன்னாடியே குடி வச்சுட்டார். உன் ஊரை விட்டுட்டு வா, பதிலுக்கு பதவி தர்றேன்னு டீல். பதவின்னா சும்மா இல்ல, தலைப்பாகை கலரைப் பாத்தே எந்த ரேங்க்னு தெரியும், உவேகாத்தான்னா ஊதா, பேச்சின்னா மஞ்சள், அதுக்குக் கீழ சிவப்பு. கொண்டை ஊசி கூட அப்படித்தான், மேல தங்கம், நடுவுல வெள்ளி, ஜனங்களுக்குப் பித்தளை. தெருவுல நடந்து வர்ற ஆளோட கொண்டையைப் பாத்தே எவ்ளோ குனியணும்னு முடிவு பண்ணிக்கலாம்!

அதே மனுஷன் சாமி விஷயத்தையும் விட்டு வைக்கல. அங்க பூசாரி வேலை பொம்பளைங்களோடது, நோரோன்னு சொல்வாங்க, ஊருக்கு ஒருத்தங்க. அவங்க எல்லாருக்கும் மேல கிகோயே ஓகிமின்னு ஒரு தலைமைப் பதவி உண்டாக்கி தன் கூடப்பிறந்தவளையே அதுல உக்கார வச்சார், கீழ இருக்கற நோரோவுக்கு அரசாங்கமே நியமன உத்தரவும் மானிய நிலமும் குடுத்துச்சு. அண்ணன் நாட்டைப் பாத்துக்க, தங்கச்சி சாமியைப் பாத்துக்க. செய்ஃபா உத்தாக்கின்னு தெற்கே ஒரு கோயில் இருக்கு, கோயில்னா கோபுரம் தேடாத, பெரிய பாறைகளும் காடும்தான், தலைமைப் பூசாரி பதவியேத்துக்கிட்டது அங்கதான். அந்தக் காலத்துல ஆம்பளைங்க உள்ள போகவே கூடாது, இப்ப டிக்கெட் வாங்கினா போதும்.

"ஆயுதமே இல்லாத ராஜ்யம்"னு அங்க உனக்கு நிறைய பேர் சொல்வாங்க. ஷோ ஷின் வாளையெல்லாம் பிடுங்கிட்டாருன்னும், 1816ல போன பேசில் ஹால்ங்கற பிரிட்டிஷ் கப்பல்காரர் திரும்பற வழில செயின்ட் ஹெலினாவுல நெப்போலியனைப் பாத்து அங்க ஆயுதமே கிடையாதுன்னு சொன்னதும் நெப்போலியன் நம்பலன்னும் கதை வரும். ஹால் அப்படி சொன்னது நிஜம்தான். ஆனா ஷோ ஷின் காலத்துல 1509ல பொறிச்ச கல்வெட்டை, வாளையும் வில்லையும் நாட்டுக் காவலுக்காக சேத்து வச்சாருன்னும் படிக்க முடியும், அதுதான் சரின்னு எனக்குப் படுது. 1500ல யாயேயாமா தீவுல ஓயாக்கே அகாஹாச்சி கலகம் பண்ணப்ப இதே ஷோ ஷின்தான் படை அனுப்பி அடக்கினார். அகிம்சை ராஜ்யம் ஒண்ணும் இல்ல.

பணம் வந்தது கப்பல்ல. சீனாவுக்குக் கப்பம் கட்டற நாடுங்கற பேர்ல சீனச் சரக்கை வாங்கி தெற்கே கொண்டு போய் வித்து, அங்க மிளகையும் சாயம் எடுக்கற பதிமுகக் கட்டையையும் வாங்கி வடக்கே வித்து, நடுவுல லாபம் பாத்தாங்க. சியாம், பட்டானி, பாலெம்பாங், மலாக்கா எல்லாம் போயிருக்காங்க, அந்த ராஜாக்களுக்கு எழுதின கடிதங்களோட நகல் எல்லாம் ரெக்கிதாய் ஹோஆன்ங்கற தொகுப்புல இருக்கு. மலாக்கா துறைமுகத்துல அப்ப நம்ம தமிழ் வியாபாரிங்களையும் வங்காளம், பெகு பக்கத்து ஆளுங்களையும் பாத்துக்க ஒரு ஷாபந்தர், அதாவது துறைமுக அதிகாரி, இருந்தார், ரியூக்கியூக்காரங்க சீனக் கப்பல்களைப் பாத்துக்கற ஷாபந்தர் கீழ வந்தாங்க. போர்த்துகீசியர் டோமே பிரெஸ் ரெண்டு கூட்டத்தைப் பத்தியும் எழுதியிருக்கார். ஆக ஒரே துறைமுகத்துல நம்மாளுங்களும் அவங்களும் உரசிக்கிட்டுத்தான் நடந்திருப்பாங்க.

1609ல வந்துச்சு அடி. தெற்கு ஜப்பான்ல சத்சுமாங்கற பகுதியை ஆண்ட ஷிமாசு குடும்பம் மூவாயிரம் பேரோட படையெடுத்து, ராஜா ஷோ நேயைப் பிடிச்சுக்கிட்டுப் போய் 1611ல தான் திருப்பி அனுப்புச்சு. விசுவாசமா இருப்பேன்னு எழுதிக் குடுன்னு கேட்டப்ப எல்லாரும் கையெழுத்து போட்டாங்க, ஜானா உவேகாத்தாங்கற பெரிய அதிகாரி மட்டும் மாட்டேன்னுட்டார், தலையை எடுத்துட்டாங்க. அப்புறம் 270 வருஷம் ரெட்டை வாழ்க்கை. சத்சுமாவுக்கு வரி கட்டணும், ஆனா அது சீனாவுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா கப்ப வியாபாரம் போச்சு, அதுல சத்சுமாவுக்கும் பங்கு உண்டே. சீனத் தூதர் வந்தா சத்சுமா ஆளுங்க எல்லாம் குசுகுமாங்கற கிராமத்துல போய் ஒளிஞ்சுக்குவாங்க. எடோவுக்கு, அதாவது இன்னிக்கு டோக்கியோவுக்கு, 18 தடவை தூதுக்குழு போச்சு, அங்க போறப்ப சீன ஸ்டைல்ல உடுத்தணும், அப்பதான் வெளிநாட்டு ராஜாவோட ஆளுங்களே வந்து வணங்கறாங்கன்னு ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர் ஷோகுனுக்கு கெத்து. கோட்டை முற்றத்துல நிக்கறப்ப பாரு, வடக்கு மண்டபம் சீனத் தூதருக்கு, தெற்கு மண்டபம் சத்சுமா ஆளுங்களுக்கு. மாப்பிள்ளை வீட்டையும் பொண்ணு வீட்டையும் முகம் பாத்துக்காம பந்தியில உக்கார வச்ச மாதிரி.

இந்த நிலைமைல அதிகாரிக்கு எதுக்கு கத்தி? அவனுக்கு வேண்டியது சீனம் எழுத, ஜப்பானியக் கவிதை சொல்ல, சான்ஷின்ங்கற மூணு தந்தி வாத்தியம் வாசிக்க, ஆட. மேல செஸ்சேய்னு ஒரு பிரதம ஆலோசகர், பெரும்பாலும் இளவரசர்தான், அவருக்குக் கீழ சான்ஷிகான், மூணு பேர் கொண்ட சபை, நிஜமான ஆட்சி அவங்க கையில. அந்த மூணு பேரை மேல்குடி அதிகாரிங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்கங்கறது எனக்குப் படிச்சப்ப ஆச்சரியமா இருந்துச்சு. சாய் ஓன்னு ஒருத்தர் 1728ல அந்த சபைக்கு வந்தார். சீனாவுல இருந்து வந்து குமே கிராமத்துல குடியேறின படிச்ச குடும்பத்து ஆள். காடு வளக்கறது, ஆத்தைத் திருப்பறது, எந்த மண்ணுல எந்த மரம்னு அவர் போட்ட உத்தரவுங்களைப் படிச்சா நல்ல கலெக்டர்னு தோணும்.

டான்ஸுக்குன்னே ஒரு அதிகாரி பதவி இருந்துச்சுடா, நம்புவியா. 1719ல புது ராஜாவுக்கு முடிசூட்ட சீனத் தூதுக்குழு வந்துச்சு, நூத்துக்கணக்கான பேர், மாசக்கணக்குல தங்குவாங்க, விருந்துக்கு மேல விருந்து. அந்தப் பொறுப்பு தாமாகுசுகு சோகுன் தலையில விழுந்துச்சு. அவர் சத்சுமாவுக்கும் எடோவுக்கும் போனவர், ஜப்பானிய நாடக வகைகளான நோ, கபுகி எல்லாம் பாத்தவர். அதையும் சொந்த ஊர் பாட்டையும் கதையையும் கலந்து குமியோதோரின்னு புதுசா ஒரு இசை நாடகம் பண்ணிக் காட்டினார். எட்டு எட்டு எட்டு ஆறுன்னு அசை எண்ணி எழுதற அவங்க ஊர் கவிதை, மெதுவான அசைவு, அழக்கூட மாட்டாங்க, தலையை லேசா சாய்ப்பாங்க அவ்ளோதான். நடிச்சது எல்லாம் அரசு வேலைல இருந்த குடும்பத்துப் பையன்கள், பொம்பளை வேஷம் உட்பட. ராஜதந்திரத்துக்கு நாடகம் போட்ட அரசாங்கம்!

சரி, இப்ப கோபத்துக்கு வர்றேன். 1689ல வம்சாவளி ஆபீஸ்னு ஒண்ணு திறந்து, குடும்ப வரலாற்றை எழுதி சீல் வாங்கினவன் மேல்குடி, இல்லாதவன் ஜனம்னு கோடு போட்டுட்டாங்க. அந்தக் கோட்டுக்கு மேல இருந்தவங்களுக்கே வேலை பத்தல, பரீட்சை வச்சாங்க, ஒரு குமாஸ்தா வேலைக்கு வருஷக்கணக்கா எழுதிட்டே இருந்தவங்க உண்டு, நம்ம குரூப் ஃபோர் பசங்க மாதிரின்னு வச்சுக்க. கிடைக்காதவங்க கிராமத்துப் பக்கம் போய் குடிசை போட்டு உழ ஆரம்பிச்சாங்க, யாதுயின்னு அந்தக் குடியிருப்புகளுக்குப் பேரு. மண்வெட்டி பிடிச்சாலும் வம்சாவளிப் புத்தகத்தை விடல.

அது கூடப் பரவால்ல. மியாக்கோ, யாயேயாமா தீவுக்காரங்க மேல 1637ல இருந்து தலைவரி. பதினஞ்சு வயசுல இருந்து ஐம்பது வரைக்கும், ஆம்பளை தானியம் கட்டணும், பொம்பளை துணி நெய்யணும். இன்னிக்கு மியூசியத்துல மெழுகு போட்ட மாதிரி மின்னற மியாக்கோ ஜோஃபு துணியைப் பாத்து ஆஹான்னு சொல்றோமே, அது வரித்துணிடா. ஷுரி பெரிய மனுஷங்களோட நாசூக்குக்கு பில் கட்டினது அந்தப் பொம்பளைங்க. இதைச் சொல்லாம "பண்பாட்டுப் பெருமை"ன்னு எவனாவது லெக்சர் குடுத்தா எழுந்து வந்துடு.

1879 மார்ச் கடைசில டோக்கியோல இருந்து மாட்சுதா மிச்சியுக்கி போலீஸ், ராணுவத்தோட வந்து ராஜ்யம் இல்ல, இனி ஒக்கினாவா மாவட்டம்னு அறிவிச்சுட்டார். கடைசி ராஜா ஷோ தாய் கோட்டையைக் காலி பண்ணிட்டு டோக்கியோ போனார், பிற்பாடு மார்க்கீஸ் பட்டம் குடுத்து ஜப்பானியப் பிரபு ஆக்கிட்டாங்க. சிலர் கப்பலேறி சீனாவுக்குப் போய் காப்பாத்துங்கன்னு கெஞ்சினாங்க, ரின் செய்க்கோங்கறவர் 1880ல பெய்ஜிங்லயே உயிரை விட்டார், சீனா ஒண்ணும் பண்ணல. புது அரசாங்கம் ரொம்ப சாமர்த்தியமா மேல் மட்டத்துக் குடும்பங்களுக்கு மட்டும் 1909 வரைக்கும் பென்ஷன் குடுத்து வாயை அடைச்சுட்டு, கீழ் மட்டத்து அதிகாரிங்களை அப்படியே விட்டுடுச்சு. தலைவரியையும் தொடல! மியாக்கோ விவசாயிங்க 1893ல டோக்கியோ வரைக்கும் போய் பார்லிமென்டுக்கு மனு குடுத்து, 1903ல தான் அது ஒழிஞ்சுச்சு.

அந்த வேலை போன கும்பல்தான் என் ஹீரோ. அரண்மனைல ஆடினவங்க நாஹா ஊருக்குள்ள கொட்டகை போட்டு டிக்கெட் வித்து ஆட ஆரம்பிச்சாங்க. காசு குடுத்த ஜனங்களுக்கு அந்த ஸ்லோ மோஷன் பிடிக்கல. அதனால பிங்காத்தாங்கற வண்ணச் சாய உடுப்பைக் கழட்டிட்டு சாதாரண நெசவுத் துணி, வெறுங்கால், வேகத் தாளம், மீன் பிடிக்கறவங்க கதைன்னு ஸோ-ஓதோரி பிறந்துச்சு. தாமாகுசுகு செய்ஜூ பண்ண தன்சாமே ஆட்டம் அந்த வகைதான், அந்தப் பேர்ல வர்ற தன்சா கிராமம் நீ தங்கப் போற ஒன்னாவுலயே இருக்கு. கராத்தேவும் இதே கதை, ராஜா கிட்ட எழுத்தர் வேலை பாத்த இத்தோசு அங்கோதான் 1901 வாக்குல ஷுரி ஸ்கூல் பசங்களுக்கு அதைச் சொல்லிக் குடுத்தார், அதுவரைக்கும் ஆள் பாத்து ரகசியமா கத்துக் குடுத்த விஷயம். ராஜ்யம் இருந்திருந்தா இதெல்லாம் பூட்டின ரூமுக்குள்ளயே இருந்திருக்கும்னு நான் நினைக்கறேன், சிலர் சண்டைக்கு வருவாங்க, வரட்டும்.

1945ல எல்லாமே எரிஞ்சுது. ஜப்பான் ராணுவம் கோட்டைக்கு அடியில சுரங்கம் தோண்டி தலைமையகம் வச்சா அமெரிக்காக்காரன் சும்மா விடுவானா. ஷோ தாயோட பையன் ஷோ ஜுன், ரியூக்கியூ ஷிம்போ பேப்பர் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், அந்தப் போர்லதான் செத்தார். மிஞ்சினது காமாகுரா யோஷித்தாரோன்னு ஒரு டிராயிங் வாத்தியார் இருபதுகள்ல எடுத்த ஃபோட்டோவும் நோட்டும். 1924ல கோட்டையை இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு ஓடிப் போய் ஆளைப் பிடிச்சு நிறுத்தினதும் அவர்தான். 1992ல கோட்டையைத் திரும்பக் கட்டறதுக்கு அவர் நோட்டு பெரிய உதவி. 2019 அக்டோபர் 31 அது மறுபடி எரிஞ்சுது, அப்புறம் மறுபடி கட்ட ஆரம்பிச்சாங்க, பிரதான மண்டபத்தை 2026ல முடிக்கறதா திட்டம் போட்டாங்க.

ராஜாக்களோட பெரிய ஓவியங்களும் காமாகுராவோட கறுப்பு வெள்ளை ஃபோட்டோலதான் இருந்துச்சு. 2024 மார்ச்சுல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல, செத்துப் போன ஒரு பழைய சிப்பாய் வீட்டுப் பரண்ல இருந்து கண்டெடுத்த 22 பொருளை எஃப்பிஐ ஒக்கினாவாவுக்குத் திருப்பிக் குடுத்துச்சு, அதுல அந்த ராஜா ஓவியங்களும் இருந்துச்சு. கலரு என்னன்னு உலகத்துக்கு அப்பதான் தெரிஞ்சுது. அந்தப் பரண் செய்தியைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

போனதும் நாஹா சிட்டி மியூசியத்துக்குப் போ, ராஜ குடும்பம் குடுத்த பொருள்லாம் அங்கதான் இருக்கு, 2006ல தேசியப் பொக்கிஷம்னு அறிவிச்சாங்க. அசல் கிரீடத்தை எல்லா நாளும் காட்சிக்கு வைக்க மாட்டாங்க, சில நாள்தான், வெப்சைட்ல தேதி பாத்துட்டுப் போ. அப்புறம் உராசோயேல நேஷனல் தியேட்டர் இருக்கு, குமியோதோரி என்னிக்குப் போடறாங்கன்னு பாத்து முன் வரிசையா ஒரு சீட் போடு. முதல் அரை மணி நேரம் தூக்கம் வரும், எழுந்து வந்துடாத. உனக்கு ஊறுகாய் குடுத்து விடச் சொல்லி உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன், பெட்டில இடம் பாத்து வை.

இப்படிக்கு,
உன் மாமா