பார்வையாளர் மன்றம்: 2025ஆம் ஆண்டிற்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் மற்றும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் தமிழ்ப் படங்களையும் தொடர்களையும் பார்த்துக் கூடிப் பேசும் நம் மன்றத்தின் 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் விழா வழக்கம்போல் நடைபெற்றது. மாதாந்தரக் கலந்துரையாடல் பத்து முறை நடந்தது. ஒருமுறை மழையாலும் ஒருமுறை போதிய வருகை இல்லாததாலும் கைவிடப்பட்டது. இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர் இருவருக்கும் மன்றம் அஞ்சலி செலுத்துகிறது.

சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து, நீண்ட விவாதத்திற்குப் பின் ஏற்கப்பட்ட, உறுப்பினர்கள் தாம் பார்த்ததைப் பற்றி எழுதும் கருத்தேட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. "இதற்கு எதற்கு ஒரு நோட்டு, வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா?" என்று அன்று கேட்டவர்கள் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் குழுவில் வருவது கட்டைவிரல் படமும், "சூப்பர்", "மொக்கை", "ஒரு தடவை பார்க்கலாம்" என்ற மூன்று தீர்ப்புகளும்தான். படம் பிடித்தது என்றால் எந்த இடம் பிடித்தது, பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் மனம் விலகியது என்பதைப் பார்த்தவரே தன் சொல்லில் எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகவே, அவென்யூ சாலையில் சிவப்புத் துணி முதுகு கொண்ட நீளமான கணக்குப் பேரேடு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு கூட்டத்திலும் மேசைமேல் வைத்து வருகிறேன். படமோ தொடரோ பார்த்த ஒரு வாரத்திற்குள் எழுத வேண்டும், ஐந்து வரிக்குக் குறையக் கூடாது, யூடியூப் விமர்சகர் சொன்னதைத் திருப்பி எழுதக் கூடாது என்பவை மட்டுமே விதிகள்.

முதல் இரண்டு மாதங்கள் ஏடு காலியாகவே கிடந்தது. காரணம் சோம்பல் என்றுதான் நானும் நினைத்தேன். நம் உறுப்பினர்களில் பலர் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ படித்தவர்கள், வீட்டில் நாள் முழுவதும் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்து அவர்கள் கைக்கு வராது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இதைத் தீர்த்து வைத்தவர் மர்ஃபி டவுனிலிருந்து வரும் உறுப்பினர் ஒருவர். மே 1 அன்று வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தைப் பார்த்துவிட்டு, அந்த அம்மையார் ஒரு பக்கம் முழுக்கத் தமிழைக் கன்னட எழுத்தில் எழுதியிருந்தார். இன்றைய கன்னட எழுத்தில் ழகரம் இல்லாததால், 'ழ' வரும் இடமெல்லாம் 'ள' எழுதி, அது வேறு என்று காட்ட அதன் கீழே ஒரு சிறு புள்ளியும் வைத்திருந்தார். நான் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தேன். இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் குடியேறும் அந்தக் குடும்பத்தாரிடம், வாயைத் திறந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர்களுடைய பேச்சை மறைக்கச் சொல்கிறார்கள் அல்லவா, அந்த இடத்தைப் பற்றியே அவர் எழுதியிருந்தார். வேலூர்ப் பக்கம் உறவினர் கல்யாணத்திற்குப் போகும்போதெல்லாம் இவருடைய பெங்களூர்த் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பதால், அங்கே இவர் அதிகம் பேசுவதில்லையாம். படம் முடியும்வரை அந்தக் குடும்பம் எப்போது தங்கள் தமிழிலேயே வாய்விட்டுப் பேசும் என்று காத்திருந்ததாக எழுதியிருந்தார். அதற்கு அடுத்த கூட்டத்திலிருந்து ஏடு நிரம்பத் தொடங்கியது. கன்னட எழுத்தில் வரும் பக்கங்களை எதிர்ப்பக்கத்தில் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதும் பணியை நான் ஒருவனே செய்து வருகிறேன்.

ஜூலை 4 அன்று வெளிவந்த '3பிஎச்கே' பற்றி ஒன்பது பேர் எழுதினார்கள். இவ்வாண்டில் அதிகம் எழுதப்பட்டது அதுவே. வீடு வாங்கச் சேர்க்கும் பணம் ஒவ்வொரு முறையும் வேறொரு செலவுக்குப் போய்விடும் கதை அது. ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர் ஒருவர், ஜோகுபாளையாவில் தொடங்கித் தாம் மாறிய வாடகை வீடுகளையும், ஒவ்வொன்றுக்கும் கொடுத்த பத்து மாத அட்வான்ஸையும், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கவென்று அதில் பிடித்துக்கொண்ட தொகையையும் இரண்டு பக்கங்களுக்கு எழுதினார். இறுதியில் மட்டும், "ஒரு சோகம் ஆறுவதற்குள் அடுத்த சோகத்தைக் கொண்டுவருகிறார்கள், சரத்குமார் முகத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பைக் காட்டியிருக்கலாம், எங்கள் வீட்டிலும் சிரிப்பு இருந்தது" என்று எழுதினார். இது சொந்தக் கதை, விமர்சனம் அல்ல, ஆகவே நீக்க வேண்டும் என்று செயற்குழுவில் ஆட்சேபம் எழுந்தது. நான் நீக்கவில்லை. சாதாரணப் பார்வையாளர் தன் வாழ்க்கையை வைத்துத்தான் படத்தை அளக்கிறார். அந்தக் கடைசி வரியைவிடச் சரியான விமர்சனத்தை நான் வேறெங்கும் படிக்கவில்லை.

தொலைக்காட்சித் தொடர்களை ஏட்டில் சேர்க்கக் கூடாது என்ற கருத்தையும் நான் ஏற்கவில்லை. நம் உறுப்பினர்கள் தியேட்டருக்குப் போவது மாதம் ஒருமுறை, தொடர் பார்ப்பதோ அன்றாடம். 2024 டிசம்பரில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' இரண்டாம் பாகம் பற்றி மட்டும் ஆறு பக்கங்கள் உள்ளன. நடிகர் மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்த பிறகு அவரது வேடத்தை ஏற்ற வேல ராமமூர்த்தி நன்றாகவே நடிக்கிறார், ஆனாலும் அதட்டல் வரும்போதெல்லாம் என் காதில் பழைய குரல்தான் கேட்கிறது என்று ஓர் உறுப்பினர் எழுதியிருக்கிறார்.

கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் பேசியதால் எழுந்த சர்ச்சையில், அவர் நடித்த 'தக் லைஃப்' ஜூன் 5 அன்று கர்நாடகத்தில் வெளியாகவில்லை. ஓசூர் சென்று பார்த்துவந்த நான்கு உறுப்பினர்கள் கருத்து எழுத முன்வந்தபோது, படத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள், மொழிச் சர்ச்சையை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். நாம் கன்னடர்களோடு ஒரே சுவரில் வாழ்பவர்கள், நம் ஏட்டின் பாதிப் பக்கங்களே கன்னட எழுத்தில் உள்ளவை.

ஆகஸ்ட் 14 அன்று வெளியான 'கூலி' படத்திற்கு ஏற்பாடு செய்த குழுப் பயணம் குறித்து எழுந்த புகாருக்கும் இங்கே விளக்கமளிக்கிறேன். அப்படத்திற்கு 'ஏ' சான்றிதழ் என்பதையும், பதினெட்டு வயது நிரம்பாதோரை அனுமதிக்க மாட்டார்கள் என்பதையும் நான் ஒரு வாரம் முன்பே குழுவில் அறிவித்திருந்தேன். அறிவிப்பைப் படிக்காமல் பிள்ளைகளை அழைத்துவந்த இரு குடும்பங்கள் வாசலிலேயே திரும்ப நேர்ந்ததும், ரஜினி படத்தைப் பார்க்க முடியவில்லையே என்று அப்பிள்ளைகளில் ஒரு சிறுவன் புதுச் சட்டையோடு படியில் உட்கார்ந்து அழுததும் எனக்கும் வருத்தமே. எனினும் டிக்கெட் பணத்தை மன்ற நிதியிலிருந்து திருப்பித் தர இயலாது.

கணக்கு விவரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரவு செலவு ஏறத்தாழச் சமமாக உள்ளது. அரங்க வாடகையும் தேநீர்ச் செலவும் உயர்ந்துள்ளன. டிக்கெட் விலைக்கு 200 ரூபாய் உச்சவரம்பு விதித்து மாநில அரசு செப்டம்பரில் ஆணை பிறப்பித்தபோது குழுப் பயணச் செலவு குறையும் என்று எதிர்பார்த்தோம். அதே மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் அது நடக்கவில்லை.

ஆண்டுச் சந்தா அறுநூறு ரூபாய் மட்டுமே. எழுபத்துநான்கு உறுப்பினர்களில் முப்பத்தொருவர் இன்னும் செலுத்தவில்லை. அவர்களில் பதினொருவருக்கு இது இரண்டாம் ஆண்டு. பெயர்களைப் படித்து எவரையும் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் மூன்று நான்கு ஓடிடிகளுக்குச் சந்தா கட்டும் வீடுகளில், சேர்ந்து பார்ப்பதற்கும் பேசுவதற்கும் மட்டும் பணம் இல்லை என்று சொல்லும்போது மனம் வலிக்கிறது. நேரமில்லை என்று கூட்டத்திற்கு வராதவர்கள், நள்ளிரவு வரை விழித்திருந்து ஒரு வெப் தொடரை ஒரே மூச்சில் முடித்ததாகக் குழுவில் செய்தி போடுகிறார்கள். அதையாவது ஏட்டில் ஐந்து வரி எழுதியிருக்கலாம். வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொரு படம் ஓடுகிறது; ஒரே படத்தை இருவர் பார்த்திருப்பதே அரிதாகிவிட்டது. அப்படியிருக்க, எதைப் பற்றிக் கலந்துரையாடுவது?

கூட்டத்திற்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்திற்கும், நாற்காலிகள் அடுக்கி உதவிய இளைஞர்களுக்கும், தேநீர் வழங்கிய அன்பருக்கும், என் பணிக்குத் துணைநின்ற தலைவர், பொருளாளர் இருவருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் மாதம் ஒரு படத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, அனைவரும் அதையே பார்த்துவிட்டு வர வேண்டும் என்ற திட்டத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். பெயர்த்தெழுதும் பணிக்குக் கன்னடமும் தமிழும் எழுதத் தெரிந்த இருவராவது தேவை. எனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் நாள் குறித்திருப்பதால், பிப்ரவரி, மார்ச் இரு மாதங்கள் என்னால் எழுத இயலாது. செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு எவரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். முன்வராவிட்டால், பொதுக்குழு விரும்பும்வரை தொடர்வேன். ஏட்டில் இன்னும் நாற்பத்துமூன்று பக்கங்கள் எழுதப்படாமல் உள்ளன. நிலுவைச் சந்தாவை ஜனவரி இறுதிக்குள் பொருளாளரிடம் செலுத்திப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
அல்சூர், பெங்களூரு