அடித்துவிட்ட ஒரு வரி

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஓரியூர் அருளானந்தர் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கே உன் கடிதம் வந்து கிடந்தது. செருப்பில் ஒட்டிய சிவப்பு மண்ணைக்கூடத் தட்டவில்லை, திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். அம்மா மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மடத்து ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு நீ கணக்கு சொல்லிக் கொடுப்பதைக் கேட்டு அவளுக்கு ஒரே சிரிப்பு. பத்தாம் வகுப்பில் நீ கணக்கில் வாங்கிய மார்க் அவளுக்கு மறக்கவில்லை.

மே மாதம் நீ கன்னியாஸ்திரியாகக் கடவுளுக்கு வாக்குக் கொடுக்கிற முதல் வார்த்தைப்பாட்டுக்கு எத்தனை பேர் வருவோம், வேன் பேசியாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு அடுத்து ஒரு வரி எழுதி, பேனாவை அழுத்தி அடித்திருக்கிறாய். நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தப்புதான். 'எனக்கு இன்னும்' என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான் தெரிந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். உங்களைப் பயிற்றுவிக்கிற நோவிஸ் மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை.

ஊரில் உன்னைப் பற்றி யார் கேட்டாலும் "சிஸ்டருக்குப் படிக்குது" என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பி.எட். படிப்பது மாதிரி, நர்சிங் படிப்பது மாதிரி. படிப்பு என்று சொல்லிவிட்டால் அதில் பாஸ், ஃபெயில் வந்துவிடுகிறது. பாதியில் வந்தவள் ஃபெயிலானவள். நம் பேச்சிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது என்பது, முப்பது வருஷம் கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியாராக இருந்தும், எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

போன மாதம் பங்குச் சாமியாரிடம் உட்கார்ந்து திருச்சபைச் சட்டத்தைக் கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1983-இல் வந்த சட்டம். நோவிஸ் ஆவதற்கு முன்னால் கேண்டிடேட், போஸ்டுலன்ட் என்று நீ இருந்த காலமெல்லாம் ஒவ்வொரு சபையும் தன் வழக்கப்படி வைத்துக்கொள்வது. வார்த்தைப்பாட்டுக்கு முந்திய பயிற்சிக் காலமான நோவிஷியேட்டுக்குத்தான் சட்டம் கறாராக இருக்கிறது. பதினேழு வயது முடியாமல் சேர்க்கக் கூடாது. பன்னிரண்டு மாதமாவது அதற்கென்று உள்ள வீட்டிலேயே இருக்க வேண்டும், இரண்டு வருஷத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. அந்த வீட்டை விட்டு மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நோவிஷியேட்டே செல்லாது. பதினைந்து நாளைத் தாண்டினாலே அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும். அப்பத்தா செத்தபோது உன்னை மூன்றே நாளில் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள் என்று அம்மா எவ்வளவு கோபப்பட்டாள், ஞாபகம் இருக்கிறதா? பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூடப் பிள்ளை இல்லை என்று அழுதாள். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகும் அவள் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. நியாயம்தான்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. நோவிஸ் எப்போது வேண்டுமானாலும் தன் இஷ்டப்படி வெளியே வரலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. யாரிடமும் கெஞ்ச வேண்டாம். பெரியவர்களுக்கே சந்தேகம் இருந்தால் ஆறு மாதம் வரை நீட்டித்துப் பார்க்கவும் இடம் உண்டு. முதல் வார்த்தைப்பாடு கொடுத்தாலும் அது மூன்று வருஷத்துக்குக் குறையாமல், ஆறு வருஷத்துக்கு மேற்படாமல் ஒரு காலத்துக்குத்தான். தேவைப்பட்டால் ஒன்பது வருஷம் வரை போகலாம். அந்தக் காலம் முடிகிற நாளில் "போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வரலாம். நடுவில் என்றால்தான் சபைத் தலைவியின் அனுமதி வேண்டும். ஆயுள் முழுக்க என்று கொடுக்கிற நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு என்றால், சபையைப் பொறுத்து ரோமாபுரி வரைக்கும், இல்லாவிட்டால் ஆயர் வரைக்கும் போக வேண்டியிருக்கும். கதவை எவ்வளவு மெதுவாகச் சாத்துகிறார்கள் பார்.

குழந்தை தெரசாவுக்கே எட்டு மாதம் தள்ளிப் போட்டார்கள். 1889 ஜனவரியில் மடத்து உடுப்புப் போட்டு நோவிஸ் ஆனவர், ஒரு வருஷத்தில் முடிந்திருக்க வேண்டியது, 1890 செப்டம்பர் 8-ஆம் தேதிதான் வார்த்தைப்பாடு கொடுத்தார். (உடுப்புப் போட்டபோது அவருக்கு வயது பதினாறு. இன்றைய சட்டப்படி நோவிஷியேட்டில் சேர்த்திருக்கவே மாட்டார்கள்!) அன்னை தெரசா 1931-இல் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து, ஆறு வருஷம் கழித்து 1937-இல் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தார். அதற்கும் பிறகு 1948-இல் தான் சேர்ந்திருந்த மடத்தை விட்டே வெளியே வந்துதான் தன் வேலையைத் தொடங்கினார். பதினெட்டு வயதில் 1928-இல் வீட்டை விட்டுப் போனவர், அதன் பிறகு பெற்ற தாயைப் பார்க்கவே இல்லை. இதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் பெரிய அத்தை மடத்திலிருந்து வந்தவள் என்பது உனக்குத் தெரியும். எப்படி வந்தாள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1981. எனக்குப் பன்னிரண்டு வயது. நோவிஷியேட் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வந்துவிட்டாள். முன்கூட்டியே கடுதாசி போட்டிருந்தாள், எந்த பஸ் என்றுகூட எழுதியிருந்தாள். யாரும் போகவில்லை. ஒன்றரை மைல், உச்சி வெயிலில் ட்ரங்க் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். நான் கண்மாய்க் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்திருக்கலாம். தாத்தா முறைப்பாரே என்று நின்றுவிட்டேன். தாத்தா அவளோடு அடுத்த தவக்காலம் வரை பேசவில்லை. "மடத்திலிருந்து ஓடி வந்தவள்" என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1989 வரை ஒரு வரன் அமையவில்லை.

உன்னை அனுப்புவதற்காக ஞானஸ்நானச் சான்றிதழும் உறுதிபூசுதல் சான்றிதழும் நான்தான் என் கையால் எழுதினேன், சாமியார் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தபோது உன் பக்கத்தைப் பார்த்தேன். ஓரத்தில் குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கும். கல்யாணம் என்றால் அதை எழுத வேண்டும், நித்திய வார்த்தைப்பாடு என்றால் அதையும் எழுத வேண்டும். முதல் வார்த்தைப்பாட்டை எழுதுவதில்லை. அப்புறம் அத்தையின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அவள் பெயருக்கு நேரே 1989 கல்யாணம் மட்டும் இருக்கிறது. மடத்துக்குப் போனதும் இல்லை, வந்ததும் இல்லை. அவள் ஓடி வந்ததாகத் திருச்சபை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நாங்கள்தான் எழுதி வைத்தோம்.

இளைஞர் இயக்கத்துப் பையன்கள் ஃப்ளெக்ஸ் அடிக்கிறோம் என்று வந்து நின்றார்கள். 'எங்கள் ஊரின் முதல் அருட்சகோதரி' என்று போடப் போகிறார்களாம், உன் போட்டோ கேட்டார்கள். மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன். வேனுக்கும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. காசு இல்லாமல் இல்லை. ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்களே, வேன் பேசிவிட்டார்களே என்று நீ பீடத்துக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. மனசார நின்றாயானால், வேன் கிடைக்காவிட்டால் டவுன் பஸ் மாறி மாறி வந்து முன் வரிசையில் உட்காருவோம்.

இன்னொரு விஷயம், காரியமானது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் உன் பெயரில் உள்ள சொத்தை யார் பார்த்துக்கொள்வது என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தம்பிக்குச் சமமாக உனக்கும் பங்கு உண்டு, நம்முடைய 1925 வாரிசுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வார்த்தைப்பாடு கொடுத்ததால் மட்டும் சொத்து உன்னை விட்டுப் போய்விடாது, நிர்வாகம்தான் கை மாறும். உயிலை நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் எழுதினால் போதும். அந்தப் பனங்காட்டைச் சொத்து என்று சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது. இருந்தாலும் உன்னுடையது உன்னுடையதுதான். தம்பி பெயரை எழுதுவதானால் எழுது, அவனுக்காகப் பயந்து எழுதாதே.

அடித்த அந்த வரியை எனக்கு எழுத வேண்டும் என்றில்லை. மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடம் முழுசாகச் சொல்லிவிடு. 'எனக்கு இன்னும் ஊறுகாய் வேண்டும்' என்றுதான் எழுத வந்தாய் என்றால், நான் இவ்வளவு எழுதியதற்கு வயிறு வலிக்கச் சிரித்துக்கொள். ஊறுகாயும் அனுப்புகிறேன்.

அத்தை நேற்று வந்திருந்தாள். மூட்டு வலி, மாடிப்படி ஏற முடிவதில்லை. உனக்குக் கடிதம் எழுதப் போகிறேன், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "மே மாசம் பூசைக்குக் கூப்பிட்டாலும் வாரேன், பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிட்டாலும் வாரேன்னு எழுது."

அன்புடன்,
அப்பா