இரண்டாம் பாதி

ஜெர்சி சிட்டி
ஜூலை 2023

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீ இடையில் ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். பத்து வருஷமாக அதுதானே நடக்கிறது. அம்மா தூங்கப் போய்விட்டாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பள்ளிக்கூட நாளில் நீ பாதி எழுதிப் போட்டிருந்த கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. டிக்கெட் வாங்கியாயிற்று. ஹட்சன் தியேட்டர், அக்டோபர் கடைசி சனிக்கிழமை, மதியக் காட்சி, பால்கனி. விலையைக் கேட்காதே. அம்மாவிடமே பாதியைத்தான் சொன்னேன். அந்தப் பாதிக்கே, "பின்னாடியிருந்து முன்னாடி போற கதைக்கு இவ்வளவு டாலரா?" என்றாள்.

போன வாரம் நீ கேட்டாய் அல்லவா, "நீங்கதான் 'மெர்ரிலி வி ரோல் அலாங்' இசை நாடகத்தை 1981-லயே பார்த்தாச்சே, இப்ப எதுக்கு இப்படிப் பறக்கறீங்க?" என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பாப்பா, நான் பார்த்தது முதல் பாதி மட்டும்தான்.

2013 கோடையில் லண்டனில் ஹாரல்ட் பின்ட்டர் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ராத்திரி பத்தரை, எனக்கு சாயங்காலம் ஐந்தரை. ஆபீஸில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அழுகிறாயா சிரிக்கிறாயா என்றே தெரியவில்லை. கடைசிக் காட்சியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாய். நான் முந்திக்கொண்டேன். "தெரியும்மா. மொட்டை மாடி. ஸ்புட்னிக் போகுதான்னு மூணு பேரும் வானத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. நமக்குத்தான் அடிவயித்தைப் பிசையும், அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது." நீ அப்படியே மௌனமாகிவிட்டாய். "கரெக்டா சொல்லிட்டீங்கப்பா" என்றாய். அதற்கு மேல் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அந்த வாக்கியம் என்னுடையது இல்லை. காரைக்குடி மாமாவுடையது.

1981-இல் நியூயார்க்கில் ஜாக்சன் ஹைட்ஸில் நாலு பேராக ஒரு வீட்டில் இருந்தோம். எனக்கு இருபத்தைந்து வயது. கல்லூரி நூலகத்தில் பகுதி நேர வேலை. அங்கே இருந்த ஒரு அம்மாள், "பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் திட்டுகிறார்கள், எனக்கு வேண்டாம்" என்று சொல்லி இரண்டு டிக்கெட்டை என் கையில் திணித்தார். நவம்பர் முதல் வாரம். நாடகம் இன்னும் முறைப்படி திறக்கவில்லை. முன்னோட்டக் காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. நானும் காரைக்குடிக்காரனும் போனோம். 52ஆவது தெருவில் ஆல்வின் தியேட்டர். இப்போது நீல் சைமன் தியேட்டர் என்று பெயர் மாறிவிட்டது.

எனக்குப் பாட்டும் இசையும் எழுதிய ஸ்டீபன் சாண்ட்ஹைமும் தெரியாது, இயக்குநர் ஹால் பிரின்ஸும் தெரியாது. 'கம்பெனி' தொடங்கி 'ஸ்வீனி டாட்' வரை அந்த இரண்டு பேரும் சேர்ந்து பத்து வருஷத்தில் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையையே புரட்டிப் போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மேடையில் இருந்தவர்கள் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் என்பதுதான். அந்தப் பிள்ளைகள் நாற்பது வயதைத் தாண்டியவர்களாக நடித்தார்கள். யார் யாரென்று புரியவில்லை என்று பார்த்தவர்கள் குழம்பியதால், தைத்து வைத்த உடைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு ஸ்வெட்ஷர்ட்டை மாட்டி, இன்னார் என்று நெஞ்சிலேயே எழுதிவிட்டிருந்தார்கள். கதையோ முடிவிலிருந்து ஆரம்பிக்கிறது. பணமும் புகழும் சேர்ந்து, நண்பர்களைத் தொலைத்துவிட்ட ஃபிராங்க். அவனை டிவி பேட்டியில் எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிடுகிற சார்லி. குடித்தே கெட்டுப்போகிற மேரி. ஆங்கிலப் பாட்டு வேகம் எனக்குப் பிடிபடவே இல்லை. யாரையும் பிடிக்கவில்லை. பசி வேறு.

இடைவேளையில் எழுந்துவிட்டேன். நான் மட்டும் இல்லை, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். "வாடா போலாம், வீட்ல ரசம் இருக்கு" என்றேன். அவன் அசையவில்லை. "நீ போ. இவனுங்க எப்படி ஆரம்பிச்சானுங்கன்னு தெரியாம நான் எப்படி வர்றது?" என்றான். நான் 'ஈ' லைன் சப்வே ரயிலைப் பிடித்து வந்து படுத்துவிட்டேன்.

நடுராத்திரி விளக்கைப் போட்டான். கோட்டைக் கழற்றவில்லை. அடுப்படியில் நின்றபடியே, ஆறிப்போன ரசம் சாதத்தைப் பாத்திரத்திலிருந்தே அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டாம் பாதியை ஒன்று விடாமல் சொன்னான். அவர்கள் எப்படி இளமையாகிக்கொண்டே போகிறார்கள், எப்படிக் கடைசியில் 1957-இல் மொட்டை மாடியில் சந்தித்துக்கொள்கிறார்கள் என்று. கையில் ரசம் வழிந்துகொண்டிருந்தது. எனக்குக் காலையில் பரீட்சை. பாதித் தூக்கத்தில் கேட்டேன். ஆனால் பாரேன், முப்பத்திரண்டு வருஷம் கழித்து அதைத்தான் ஒரு சொல் பிசகாமல் உனக்கு ஒப்பித்திருக்கிறேன்.

அந்த நாடகம் நவம்பர் 16 அன்று திறந்து 28 அன்று மூடியது. மொத்தம் 16 காட்சிகள். மூடிய மறுநாள் அந்தப் பிள்ளைகள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பாட்டுகளைப் பாடிக் கொடுத்தார்கள். அந்த இசைத்தட்டு இல்லாவிட்டால் இன்றைக்கு யாருக்கும் இது ஞாபகமே இருந்திருக்காது. (அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஜேசன் அலெக்ஸாண்டர். 'சைன்ஃபெல்ட்' டிவி தொடரின் ஜார்ஜ். சின்ன வயதில் நீ அந்த ஆளைப் பார்த்தாலே சிரிப்பாய்.) சாண்ட்ஹைமும் பிரின்ஸும் அதற்கப்புறம் புதிதாக ஒரு நாடகம் சேர்ந்து செய்ய 2003 வரை ஆயிற்று. மூன்று நண்பர்கள் பிரிகிற கதையைப் போட்டுவிட்டு அவர்களே பிரிந்தது போல ஆகிவிட்டது.

சாண்ட்ஹைமும் கதை வசனம் எழுதிய ஜார்ஜ் ஃபர்த்தும் அதை விடவில்லை. பாட்டை மாற்றினார்கள், தொடக்கத்தை மாற்றினார்கள், பல ஊரில் போட்டுப் பார்த்தார்கள். 1992-இல் இங்கிலாந்தில் லெஸ்டரில் போட்டபோது மேரியாக நடித்தவர் மரியா ஃப்ரீட்மன். அவரே இருபது வருஷம் கழித்து லண்டனில் மெனியர் சாக்லெட் ஃபேக்டரியில் இதை இயக்கினார். அங்கிருந்து பெரிய அரங்குக்கு மாறியபோது நீ பார்த்தாய். இப்போது இங்கே வருவது அவருடைய அதே தயாரிப்புதான், நடிகர்கள் வேறு. ஆக, நீ பத்து வருஷம் முன்னாலேயே பார்த்துவிட்டதற்கு இந்த ஊரே இப்போது தவம் கிடக்கிறது. 1981-க்குப் பிறகு பிராட்வேயில் இது ஒரு தடவைகூட ஏறவில்லை என்றால் உனக்கு நம்பிக்கை வருமா?

ஃப்ரீட்மன் செய்த நல்ல காரியம், பெரியவர்களை நடிக்க வைத்தது. நாற்பது வயது முகம் இருபதாக இளகுவதைப் பார்க்கிறவன் நம்பிவிடுவான். இருபது வயதுப் பையன் நாற்பதாக நடித்தால் பள்ளிக்கூட ஆண்டுவிழா மாதிரி இருக்கும். நான் பார்த்தது அப்படித்தான் இருந்தது. எழுந்து வந்ததற்குச் சாக்கு சொல்கிறேன் என்று நினைக்காதே. சரி, சாக்குதான்.

போன டிசம்பரில் நீ பிடுங்கி எடுத்தாய், "பக்கத்துலதானே போட்டிருக்காங்க, போங்கப்பா" என்று. நியூயார்க் தியேட்டர் ஒர்க்‌ஷாப்பில் மொத்தமே 199 இருக்கைகள். நான் லாப்டாப்பைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் தீர்ந்துவிட்டது. ஜனவரியில் ஒருநாள் மனசு கேட்காமல், நியூயார்க் போகும் 'பாத்' ரயிலில் ஏறி, கிழக்கு 4ஆவது தெருவுக்கே போய்விட்டேன். யாராவது டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்காதா என்ற நப்பாசை. என்னைப் போல இன்னும் சிலர் கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண், பத்தொன்பது வயது இருக்கும், மூக்கு சிவந்து வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள். 1981 இசைத்தட்டில் உள்ள அத்தனையும் மனப்பாடமாம். "நீங்கள் அசலைப் பார்த்தவரா?" என்று கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், ஏதோ காந்தியைப் பார்த்தவனைக் கண்ட மாதிரி. அவளிடமும் பாதியை மறைத்தேன். ஒரே ஒரு டிக்கெட் வந்தது. நீயே எடுத்துக்கொள் என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவள் முகத்தை வைத்துக்கொண்டு நான் உள்ளே போய் உட்கார முடியாது.

பிறகு பிராட்வேக்கு மாறுகிறது என்று அறிவிப்பு வந்தது. 44ஆவது தெரு, ஹட்சன். செப்டம்பர் 19 முதல் முன்னோட்டம். ஃபிராங்காக ஜோனதன் கிராஃப், சார்லியாக டேனியல் ராட்கிளிஃப், மேரியாக லிண்ட்சே மெண்டெஸ், சின்ன அரங்கில் நடித்த அதே மூவர். ஹட்சன் 1903-இல் கட்டியது. டிவி ஸ்டூடியோவாக, இரவு விடுதியாக, ஹோட்டல் கூடமாக என்னென்னவோ ஆகி, 2017-இல்தான் மறுபடி நாடகத்துக்குத் திறந்தார்கள். திறந்ததும் சாண்ட்ஹைம் நாடகத்தோடுதான்.

மாதம் ஒரு மேட்டினி பார்க்கும் எங்கள் ஓய்வுபெற்றோர் கோஷ்டியில் இப்போது வேறு பேச்சே இல்லை. சின்ன அறையில் மூச்சுக்காற்று படும் தூரத்தில் பார்க்க வேண்டிய நாடகம், பெரிய அரங்கில் கரைந்துபோகும் என்று ஒரு கட்சி. ஹாரி பாட்டராக நடித்த பையனைப் பார்க்க வரும் கூட்டம் விலையை ஏற்றிவிட்டது என்று ஒரு கட்சி. கிராஃப் பாடினால் எச்சில் தெறிக்கும் என்பது நாடகம் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பால்கனி வரைக்கும் வராது, தைரியமாகப் போகலாம் என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் கணக்குப்பிள்ளை ஆயிற்றே, வேறு விதமாகப் பார்த்தேன். வாரத்துக்கு 8 காட்சி, 199 இருக்கை. ஒரு வாரத்தில் 1,592 பேர். ஹட்சனில் சுமார் 970 இருக்கை, 7,760 பேர். அங்கே ஒன்பது வாரத்தில் பார்த்தவர்களை இங்கே இரண்டே வாரத்தில் உட்கார வைத்துவிடலாம். கரைந்தால் கரையட்டும், என்னைப் போல வெளியே நின்றவனுக்கு இடம் வேண்டாமா?

சாண்ட்ஹைம் இதைப் பார்க்க இல்லை. 2021 நவம்பர் 26 அன்று போய்விட்டார், 91 வயது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிராட்வே ஆட்கள் எல்லாம் டைம்ஸ் சதுக்கத்தில் கூடி அவர் பாட்டைப் பாடினார்கள். நானும் ஓரமாக நின்றேன். அம்மாவிடம் மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். திரும்பி வரும்போதுதான் தேதி உறைத்தது. நவம்பர் 28. சரியாக நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நாடகத்தை மூடிய நாள்.

அன்றைக்குத்தான் காரைக்குடிக்காரனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கூப்பிடவில்லை. நீ பிறந்தபோது வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தது அவன்தான். அப்புறம் ஏன் வரவே இல்லை என்று பத்து வயதில் கேட்டாய். அவனும் நானும் சேர்ந்து குவீன்ஸில் கணக்கு ஆபீஸ் போடுவதாக இருந்தது. அவன் வேலையை விட்டான், போர்டுகூட எழுதியாயிற்று. எனக்கு நெவார்க்கில் நல்ல சம்பளத்தில் இடம் கிடைத்தது, நான் அங்கே போய்விட்டேன். 1993 பொங்கலுக்கு ஒருவர் வீட்டில் இருபது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அதை அப்படியே எல்லோருக்கும் சொன்னான். சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஒன்றும் பொய் இல்லை. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

இப்போது ஹூஸ்டனில் இருக்கிறானாம். எண் கிடைத்தது. ஒரு வாரமாக ஃபிரிட்ஜில் காந்தத்துக்குக் கீழே இருக்கிறது. அம்மா தினமும் அதைப் பார்க்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று டிக்கெட் வாங்கியிருக்கிறேன். அம்மா வரமாட்டாள், அவளுக்கு அன்றைக்குக் கோயிலில் ஏதோ இருக்கிறது. ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. லீவு கிடைக்குமா என்று ஆகஸ்டுக்குள் சொல். அக்டோபர் கடைசியில் இங்கே குளிரும், பச்சைக் கோட்டை எடுத்து வா. அப்புறம் ஒன்று. இடைவேளையில் எனக்கு பாத்ரூம் போக வேண்டியிருக்கும். அப்போது என் கோட்டை நீயே வைத்துக்கொள், கொடுக்காதே.

அன்புடன்
அப்பா