செவுள் வலையைக் கரையிலேயே நிறுத்துங்கள்: வாக்கீட்டாவுக்காக மெக்சிகோ அரசுக்கு ஒரு திறந்த மடல்

மெக்சிகோவின் மீன்வள ஆணையத்துக்கும், சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும், கடற்படைக்கும்,

வணக்கம்.

கலிஃபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் 2024இல் எடுத்த கணக்கில் கண்ணில் பட்ட வாக்கீட்டா கடற்பன்றிகள் 6 முதல் 8 வரை. அதற்கு முந்தைய ஆண்டு 10 முதல் 13. 1997இல் 567 என்று மதிப்பிட்டார்கள், 2008இல் 245, 2015இல் 59. இவை எல்லாம் உங்களுக்குத் தெரிந்த எண்கள்தான். டால்ஃபினுக்கு உறவான, உலகின் மிகச் சிறிய இந்தக் கடற்பன்றி வேறெந்தக் கடலிலும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். (தமிழ் வாசகர்களுக்கு: வாக்கீட்டா என்றால் ஸ்பானிய மொழியில் சின்னப் பசு. மன்னார் வளைகுடாவின் கடற்பசு வேறு உயிர். ஆனால் வலையில் மூச்சு முட்டிச் சாவது இரண்டுக்கும் ஒன்றுதான்.)

சட்டத்தில் குறை இல்லை. 1975இல் தொத்தோவாபா மீனைப் பிடிக்கத் தடை விதித்தீர்கள். 1993இல் உயிர்க்கோளக் காப்பகம், 2005இல் வாக்கீட்டா புகலிடம், 2015இல் செவுள் வலைக்கு (நீரில் சுவர் போல நின்று மீனைச் செவுளில் மாட்டும் வலை) ஈராண்டுத் தடை, 2017இல் அதுவே நிரந்தரம். 2020 செப்டம்பர் ஆணைப்படி வளைகுடாவின் வடபகுதியில் செவுள் வலையை வைத்திருப்பதே குற்றம். குறித்த துறைகளிலிருந்துதான் படகு புறப்பட வேண்டும், அங்கேயே திரும்ப வேண்டும். இரவில் ஓடக் கூடாது. நாங்கள் கேட்பது இன்னொரு ஆணை அல்ல. எழுதி வைத்திருப்பதைச் செய்யுங்கள்: செவுள் வலை கரையை விட்டு இறங்கக் கூடாது.

கரை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொத்தோவாபா, நம் பக்கத்துக் கத்தாழை மீனின் இனம். இரண்டு மீட்டர் வரை வளரும். அதன் நெட்டிக்கு (வயிற்றிலுள்ள காற்றுப்பை) சீனத்தில் இருக்கும் விலைதான் இத்தனைக்கும் வேர். அதற்குப் போடுகிற வலையின் கண், இழுத்துப் பிடித்தால் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். இருட்டில் நங்கூரமிட்டு அடியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மேலே அடையாள மிதவை கூட இருப்பதில்லை. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள வாக்கீட்டாவுக்கும் அந்தக் கண் சரியாகப் பொருந்திவிடுகிறது. இறால் வலையின் கண் சின்னது என்பதால் அது பாதுகாப்பும் அல்ல. அதில் துடுப்பும் வாலும் சுற்றிக்கொள்கின்றன. வாக்கீட்டா ஒலி எழுப்பி, எதிரொலி கேட்டுத்தான் வழி அறியும். மெல்லிய நைலான் நரம்பிலிருந்து திரும்பும் எதிரொலி மிகவும் பலவீனம். மாட்டிய பின் பின்னோக்கி நீந்தி விடுபட அதற்கு வழியில்லை. காற்றை மூச்சுவிடும் உயிர், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரோந்துப் படகு அந்த வலையைக் கண்டுபிடித்துத் தூக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மீனவ ஊரான சான் ஃபெலிப்பேயில் படகு எப்படிக் கடலில் இறங்குகிறது? நீர்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம் பெரிதாக உள்ள கடல் என்பதால் ஃபைபர் படகுகளை டிரெய்லரில் ஏற்றி, வண்டியில் கட்டி, பட்டப்பகலில் மணல் மேல் இழுத்துப் போகிறார்கள். வலை படகின் நடுவே குவியலாகக் கிடக்கும். ஒளித்துவைக்க அதில் இடமே இல்லை. போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை போதும். நடுக்கடலில் நூறு படகுகளைத் துரத்துவதை விட இது எத்தனை எளிது! இத்தனை ஆண்டுகளாக இது ஏன் ஒழுங்காக நடக்கவில்லை?

இதில் மிகவும் அடிபடுபவர் சட்டத்தை மதிக்கும் மீனவர். செவுள் வலைக்குப் பதிலாக உங்கள் மீன்வள ஆய்வு நிறுவனமே சிறு இழுவை வலை ஒன்றை வடிவமைத்தது. 2013இல் வந்த விதிப்படி இறால் செவுள் வலைகளை முதலாண்டு 30 விழுக்காடு, அடுத்து 30, பிறகு 40 என்று மூன்றே ஆண்டில் முழுவதும் மாற்றியிருக்க வேண்டும். நடந்தது வேறு. இழுவை வலையை ஒரே போக்கில் நெடுந்தூரம் இழுத்தால்தான் பாடு, அதாவது பிடிபடும் இறால், நிறையும். நீரில் நூற்றுக்கணக்கான மீட்டர் செவுள் வலைகள் குறுக்கே நின்றால் எங்கே இழுப்பது? சிக்கினால் இரண்டு வலையும் கிழியும், கரையில் சண்டை வரும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், பாடு குறையும், பழகவும் நாளாகும். இத்தனையும் தாங்கத் தயாராக வந்தவருக்கு உரிமம் காலத்தில் கைக்கு வரவில்லை. 2015இல் தொடங்கிய இழப்பீடு உரிமம் வைத்திருந்தவர்களுக்கே பெரும்பாலும் போயிற்று. படகில் கூலிக்குப் போனவருக்குச் சொற்பம். பிறகு அதுவும் நின்றது. பக்கத்துப் படகு செவுள் வலையோடு போய் நிறைய இறாலோடு திரும்புகிறது. ஒழுங்காக இருப்பவர் எத்தனை பருவம் தாங்குவார்?

2021 ஜூலையில் எடுத்த முடிவையும் சொல்லாமல் விட முடியவில்லை. 'சகிப்பின்மைப் பகுதி' (எந்த மீறலையும் பொறுக்காத இடம்) என்று நீங்களே பெயரிட்ட 225 சதுர கிலோமீட்டருக்குள் எத்தனை படகுகள் நுழைகின்றனவோ அதற்கேற்ப நடவடிக்கையைக் கூட்டுவது என்றீர்கள். கடைசிப் படியை எட்ட அறுபதுக்கும் மேற்பட்ட படகுகள் நுழைய வேண்டும். பத்துப் பன்னிரண்டு உயிர்கள் மிஞ்சியிருந்த கடல் அது. ஒரு படகின் ஒரு வலை போதும்.

கொலராடோ ஆற்று நீர் வளைகுடாவுக்கு வராமல் உணவு குறைந்ததுதான் வாக்கீட்டா அழியக் காரணம் என்ற பேச்சையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வலையில் சிக்கி இறந்தவை பட்டினியில் மெலிந்தவை அல்ல. மரபணு பலவீனம் என்பதும் நிற்காது. வலைச் சாவு முழுவதும் நின்றால் ஐம்பது ஆண்டுக்குள் இனம் அழியும் வாய்ப்பு 6 விழுக்காடுதான் என்று 2022இல் வந்த மரபணு ஆய்வு கணக்கிட்டது. சாவை 80 விழுக்காடு மட்டும் குறைத்தால் அதே வாய்ப்பு 62 விழுக்காடு. பாதிக் காவல் போதாது என்பதற்கு இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும்? பிடித்து வளர்க்கும் வழியும் 2017 நவம்பரில், பிடித்த பெண் வாக்கீட்டா இறந்தபோதே மூடிவிட்டது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2022இல் கடற்படை அந்தச் சகிப்பின்மைப் பகுதியில், வலையைச் சிக்கவைக்கும் கொக்கி வைத்த 193 கான்கிரீட் கட்டைகளை இறக்கியது. அதன் பின் உள்ளே வலை போடுவது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அது உங்கள் உழைப்பு, நன்றி. ஆனால் 2023இல் வாக்கீட்டாக்கள் எல்லையோரத்திலும் அதற்கு வெளியிலும் தென்பட்டன. அப்போது வெளியே கட்டை இல்லை. உள்ளே கொக்கியில் மாட்டி அறுந்த வலையும் ஆளில்லாமலே பிடித்துக்கொண்டிருக்கும். சோனார் வைத்துத் தேடி எடுத்தாக வேண்டும்.

எனவே பணிவோடு கேட்கிறோம். அடுத்த இறால் பருவம் திறக்கும் முன், சான் ஃபெலிப்பேயிலும் எல் கோல்ஃபோ டி சான்டா கிளாராவிலும் எல்லாப் படகையும் போகும்போதும் வரும்போதும் பார்க்க ஆள் போடுங்கள். மாற்று வலை கேட்பவருக்கு உரிமத்தையும் வலையையும் பருவம் தொடங்கும் முன்பே கொடுங்கள். பாடு குறையும் காலத்துக்குக் கூலியாளுக்கும் சேர்த்து ஈடு கொடுங்கள். கட்டைகளை உயிர்கள் தென்படும் இடமெல்லாம் நீட்டுங்கள். செவுள் வலையைக் கரையிலேயே நிறுத்துங்கள்.

பதிலை எதிர்பார்த்து,
மரியாதையுடன்.