மார்கழிப் பருவம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் பொங்கலன்று கைக்கு வந்தது. இந்த ஆண்டு ஓட்டமும் சைக்கிளும் எப்படிப் போகின்றன என்றும், வீட்டில் அவற்றுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்றும் கேட்டிருந்தாய். இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதினால் முதலாவதற்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

சென்னையில் எங்களுக்குப் பந்தயப் பருவம் என்பது பருவமழை ஓயத் தொடங்குவதிலிருந்து மாசி வெயில் ஏறும் வரைதான். அதிலும் மார்கழியே அதன் உயிர்நிலை. விடியற்காலைக் குளிர்ச்சி மட்டும் அதற்குக் காரணமன்று. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தக் கல்யாணத்துக்கும் போகவேண்டியதில்லை. கோலம் போட அம்மா இருட்டிலேயே எழுந்துவிடுவதால், நான் நான்கு மணிக்கு விளக்கைப் போட்டாலும் யாருடைய தூக்கமும் கெடுவதில்லை. ஆகவே நீண்ட தூரங்களையெல்லாம் அந்த ஒரு மாதத்துக்குள் அடக்கிக்கொள்வது என்று புரட்டாசியிலேயே மனைவியும் நானும் நாட்காட்டியை வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்தோம்.

சைக்கிளில் இந்த முறை பி.ஆர்.எம். எனப்படும், கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூரப் பயணங்களில் 200, 300 கிலோமீட்டர் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். நவம்பரில் தொடங்கும் ஒரே பருவத்துக்குள் 400, 600 ஆகியவற்றையும் முடித்தால்தான் சூப்பர் ராண்டனர் என்ற தகுதி கிடைக்கும். ஆனால் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், மார்ச்சில் பொதுத்தேர்வு. 400 கிலோமீட்டருக்கு 27 மணி நேரமும் 600-க்கு 40 மணி நேரமும் கெடு. அந்த நேரம் மட்டும் வீட்டை விட்டுப் போனால் போதும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். உண்மையில் அதற்கு முந்தைய வாரங்களின் நீண்ட பயிற்சிகளும், இரவெல்லாம் மிதித்துவிட்டு வந்தபின் தீராத தூக்கக் களைப்பும் சேர்ந்து, வீட்டு வேலை முழுவதையும் தானும் வேலைக்குப் போகிற மனைவியின் தலையில் கட்டிவிடுகின்றன. அவள் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவள் சொல்லாததனாலேயே, நானே அளந்து கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

300-ஐப் பற்றி உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி வரை சென்று திரும்பும் பாதை. 20 மணி நேரம் அவகாசம். மார்கழிக் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் போகும்போது முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தது. மரக்காணத்து உப்பளங்களைக் கடந்ததுகூடத் தெரியவில்லை. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தது. தனியாகப் போராடிக்கொண்டிருந்த எங்களில் நால்வர் பேசிவைக்காமலே ஒருவர்பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருகிறவர்களுக்குக் கால்வலி குறையும். சற்று நேரத்துக்கு ஒருமுறை முறை மாறினோம். கல்பாக்கம் தாண்டும்வரை ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. இதில் முதலிடம், இரண்டாமிடம் என்ற பேச்சே இல்லை. கெடுவுக்குள் முடித்தவர்களின் பெயர்களை அகரவரிசையில் வெளியிடுகிறார்கள். நாற்பதைக் கடந்தபின் எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு முறை இதுதான்.

ஜனவரியில் சென்னை மாரத்தானையும் ஓடி முடித்தேன். நேப்பியர் பாலத்தருகே இருட்டில் புறப்படும்போது இதமாகத்தான் இருந்தது. வெயில் ஏறியபின் கடற்கரை ஈரக்காற்றில் வியர்வை உலரவே இல்லை. சைக்கிள் மிதிப்பதால் நெஞ்சுக்கும் மூச்சுக்கும் நல்ல பலம் கிடைக்கிறது, முழங்காலுக்கும் அடியில்லை. ஆனால் ஒவ்வொரு எட்டிலும் தரை திருப்பிக் கொடுக்கும் அதிர்வைத் தாங்கக் கால்களுக்கு ஓட்டம்தான் கற்றுக்கொடுக்கும். அதனால் எவ்வளவு சைக்கிள் பயிற்சி இருந்தாலும் வாரத்துக்கு ஒரு நீண்ட, மெதுவான ஓட்டத்தை விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தசையில் சேமித்துவைத்த சர்க்கரை தீரத் தொடங்கும் 30 கிலோமீட்டருக்கு மேலும் என் வேகம் பெரிதாகக் குறையாததற்கு அந்த ஓட்டங்களே காரணம்.

இனி வரப்போவதைச் சொல்கிறேன். பிரான்சில் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பயணம் மீண்டும் 2027-இல் வருகிறது. சுமார் 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய அந்தப் பாதையில் ஒருமுறையாவது மிதிக்க வேண்டும் என்று எத்தனை காலமாக உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன்! அதற்கு அந்த ஆண்டுப் பருவத்திலேயே நான்கு தூரங்களையும் முடித்திருக்க வேண்டும். அப்போது மகள் கல்லூரியில் இருப்பாள். விமானச் செலவையும் விடுப்பையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, முயன்று பார் என்று மனைவிதான் முதலில் சொன்னாள். அந்தச் சொல்லில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

உனக்குச் சர்க்கரை சற்றுக் கூடியிருப்பதாகவும் மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். கவலைப்படாதே, ஆனால் தள்ளிப்போடவும் செய்யாதே. முதலில் அவர் சொன்னபடியே நட. ஓடலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு மெல்லத் தொடங்கு. பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானுக்கு நாங்கள் போகிறோம். செம்மண் தடத்தில், மர நிழலில், பரிசுக்காக அல்லாமல் மகிழ்ச்சிக்காகவே எல்லோரும் ஓடும் இடம் அது. நான் 21 கிலோமீட்டரும், மனைவி தன் முதல் 10 கிலோமீட்டரும் ஓட இருக்கிறோம். இந்த முறை அவளுடைய பயிற்சிக்கு ஏற்ற மாதிரிதான் என் நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். அவள் ஓடிவிட்டு வரும்வரை காலைச் சமையல் என் பொறுப்பு.

நீ ஓட வேண்டாம். குடும்பத்தோடு வந்து எங்களுடன் இருந்தாலே போதும். சனிக்கிழமை இரவு புதுச்சேரியில் தங்க அறை பார்க்க வேண்டும், அந்த வாரம் கூட்டம் அதிகமாக இருக்கும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று இந்த வாரத்துக்குள் எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்